தான்சானியாவில் தன்னார்வ ஆசிரியர் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 ஜனவரியிலிருந்து 2019 டிசம்பர் வரை, கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் டாங்கா பகுதியில், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலைக்கென்று போகவில்லை, தன்னார்வலராகப் போனேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை பக்கம். இப்படிப் போக நினைக்கிற தம்பி தங்கைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மாக்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

டாங்கா எங்கே இருக்கிறது? ஏன் அங்கே போனீர்கள்?

இந்தியப் பெருங்கடல் கரையில், கென்யா எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே. தென்னை, மா, மரவள்ளி என்று கண்ணுக்குப் பழகிய மரம் செடிகள். ஊரைத் தாண்டினால் சைசல் என்கிற நார்க்கற்றாழைத் தோட்டங்கள் வரிசை பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கயிறும் சாக்கும் செய்வதற்காக ஜெர்மானியர் ஆட்சியில் கொண்டுவந்த பயிர் அது.

இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளி என்று எனக்கு ஒதுக்கினார்கள். போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. முதல் உலகப் போரில், 1914 நவம்பரில், பிரிட்டிஷ் இந்தியப் படை டாங்காவில் கரையிறங்கி ஜெர்மானியரிடம் தோற்றது. அந்தப் படையில் 63-வது பாளையங்கோட்டை காலாட்படையும் இருந்திருக்கிறது. சண்டைக்கு நடுவே தேனீக்கள் கலைந்து கொட்டியதால் அதற்குத் தேனீப் போர் என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து செத்தவர்களை நினைத்து, அந்தக் கடற்கரையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இந்தியாவிலிருந்து எப்படிப் போவது? எந்த அமைப்பு?

இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்காவின் பீஸ் கோர். 1961-இல் தொடங்கியது, ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஜப்பானின் தன்னார்வலர் திட்டமும் அப்படித்தான், ஜப்பானியருக்கு மட்டும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடியது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். அதில் பள்ளியில் பாடம் நடத்தும் இடங்கள் குறைவு, நிர்வாகம், சுகாதாரம் மாதிரியான வேலைகளே அதிகம். இவை தவிர, அந்த நாட்டிலேயே பள்ளிகளோடு வேலை செய்யும் அறக்கட்டளைகள், திருச்சபைகள் வழியாகவும் போகலாம். நான் போனது அப்படி ஒன்றின் மூலம்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்தாதீர்கள். தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்பு வசிப்பு அனுமதி என்று தனியாக இருக்கிறது. கூப்பிடுகிற அமைப்பு அதை எடுத்துத் தராமல் "முதலில் வாருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் போக வேண்டாம். மாட்டிக்கொண்டால் அவதிப்படுவது நீங்கள்தான்.

சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை. தங்க வீடும் மாதாமாதம் ஒரு படியும் உண்டு. சாப்பாடு, பஸ், போன் செலவுக்குச் சரியாக இருக்கும். ஊருக்கு அனுப்பலாம் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கடன், தங்கை கல்யாணம் என்று பொறுப்பு இருந்தால் அதை முடித்துவிட்டுப் போங்கள். மனம் ஊரில் கிடந்தால் அங்கே வகுப்பில் நிற்க முடியாது.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

விடிகாலையில் பள்ளிவாசல் பாங்கு, அதற்கு முன்பே சேவல். ஐந்து மணிக்கு எழுந்தால்தான் வேலை ஓடும். முதல் வேலை தண்ணீர். முந்தின இரவு கொதிக்க வைத்துப் பானையில் ஊற்றியது குடிக்க, வாளியில் பிடித்தது குளிக்க. அடுப்பு என்பது ஜிக்கோ என்கிற கரி அடுப்பு. அதைப் பற்ற வைக்க எனக்கு முதல் மாதம் அரை மணி நேரம் ஆனது. பக்கத்து வீட்டு அம்மா வந்து, கரியை எப்படி இடைவெளி விட்டு அடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்த பிறகு ஐந்து நிமிடம்.

ஆறரைக்கெல்லாம் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். கையில் ஒரு துடைப்பம், சிலரிடம் தண்ணீர் கேன். வளாகம் முழுக்க அவர்களே கூட்டுவார்கள். மணற்தரையில் துடைப்பம் இழுத்த கோடுகள் வளைவு வளைவாக, கோலத்துக்கு மாவு போடும் முன் தெளித்துப் பெருக்கிய வாசல் மாதிரியே இருக்கும். நம்ம ஊர்ப் பள்ளிகளில் மணிக்குத் தண்டவாளத் துண்டு தொங்குமே, அங்கே மாமரக் கிளையில் லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம். ஒரு பையன் கம்பியால் அடிப்பான். வரிசையில் நின்று தேசிய கீதம் பாடுவார்கள். தென்னாப்பிரிக்க கீதத்தில் வரும் அதே மெட்டு, சொற்கள் மட்டும் அந்த நாட்டு மொழியான சுவாஹிலி.

பாடவேளை நாற்பது நிமிடம். என்னுடைய முதலாம் படிவத்தில் 74 பேர். ஏழு வருடத் தொடக்கப்பள்ளி முடித்து வருகிறவர்கள் என்பதால் நம் கணக்கில் எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்கு பேர். பாடப்புத்தகம் ஐந்தாறு பேருக்கு ஒன்று. அதனால் பாடம் நடத்துவதற்குச் சமமாக, கரும்பலகையில் எழுதிப்போடுவதும் பெரிய வேலை. நீங்கள் எழுதுவதுதான் அவர்களுக்குப் புத்தகம். ஒரு எழுத்து தப்பாக எழுதினால் 74 நோட்டிலும் தப்பு ஏறிவிடும். அந்தப் பயம் எனக்குக் கடைசி நாள் வரை போகவில்லை, போகவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

இடைவேளையில் டீயும் மந்தாஸியும். எண்ணெயில் பொரித்த மைதா அப்பம் அது, லேசாக ஏலக்காய் வாசம் வரும். இரண்டரைக்குப் பள்ளி விடும். பிறகு ஒரு மணி நேரம் விருப்பப்பட்டவர்களுக்குத் தனி வகுப்பு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறரை வாக்கில் இருட்டிவிடும். அதற்குள் கடைக்குப் போய் வர வேண்டும். இரவு நோட்டு திருத்துவது. மின்சாரத்துக்கு லூக்கு என்று முன்பணம் கட்டும் மீட்டர். போனில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் தட்ட வேண்டும். பாதி நோட்டில் கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் அந்த இருபது எண்ணையும் அடிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அங்கே மணிக்கணக்கே வேறு என்கிறார்களே?

ஆமாம், வேறுதான். சுவாஹிலியில் நேரத்தை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. நம் பெரியவர்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மாதிரிதான். வந்த இரண்டாம் வாரம், ஆசிரியர் கூட்டம் 'ஸா ந்நே'க்கு என்றார்கள். ந்நே என்றால் நான்கு. சாயங்காலம் நான்கு மணிக்குத்தானே என்று இருந்துவிட்டேன். கூட்டம் காலை பத்துக்கு. எனக்காக எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். யாரும் கோபப்படவில்லை, எனக்குத்தான் மனது ஆறவில்லை. அன்றிலிருந்து யார் நேரம் சொன்னாலும் "காலையா மாலையா" என்று ஒரு தடவை கேட்டுவிடுவேன். ஆறைக் கூட்டியோ கழித்தோ பார்த்தால் போதும்.

எந்த மொழியில் பாடம் நடத்த வேண்டும்? சுவாஹிலி தெரிய வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கப்பள்ளி ஏழு வருடமும் அரசுப் பள்ளிகளில் சுவாஹிலி வழி. உயர்நிலைக்கு வந்ததும் ஒரேயடியாக ஆங்கில வழி. கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் ஆங்கிலம். தொடக்கப்பள்ளியில் ஹிசாபாத்தி என்று படித்த பிள்ளை ஜனவரியில் மேத்தமேட்டிக்ஸ் படிக்க வேண்டும். நான் இருந்த 2018-இல் நான்காம் படிவப் பொதுத்தேர்வில் கணக்கில் தேறியது நாடு முழுக்க ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். "இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் ஆசிரியர்களை அங்கேயும் பார்த்தேன்.

அது உண்மையில்லை என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். செங்கோணம் தெரியும், ரைட் ஆங்கிள் தெரியாது. கல்லூரி முதல் வருடத்தில், விடை தெரிந்த கேள்விக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதே முகத்தை அங்கே மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளையிடம் பார்த்தேன். பலகையில் எண்ணாகப் போட்டால் சட்டென்று போடுவாள். "ஒரு விவசாயியிடம் இத்தனை ஆடு" என்று ஆங்கிலத்தில் வாக்கியமாக வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

ஒருநாள் முக்கோணம் நடத்த வேண்டும். 'ட்ரையாங்கிள்' என்று எழுதினேன், ஒன்றும் அசையவில்லை. பக்கத்தில் என் மொழி என்று சொல்லித் தமிழில் 'முக்கோணம்' என்று எழுதி, மு என்றால் மூன்று, கோணம் என்றால் மூலை என்று விரலால் காட்டினேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "மேடம், பெம்பேதாத்து!" என்றாள். பெம்பே என்றால் கொம்பு, மூலை. தாத்து என்றால் மூன்று. எங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும் அப்படியே ஒன்று! வகுப்பே கையைத் தட்டியது. பிறகு ஆங்கிலச் சொல்லையும் அவர்களே பிரித்தார்கள். ட்ரை மூன்று, ஆங்கிள் மூலை. ஒரு சொல் மூன்று மொழியில் ஒரே மாதிரி கட்டியிருக்கிறது என்று தெரிந்ததும், பார்த்தாலே மிரட்டிய அந்த ஆங்கிலச் சொல் அவர்களுக்குச் சாதாரணமாகிவிட்டது.

அன்றிலிருந்து என் பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, புதுச் சொற்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கினேன். ஆங்கிலம் ஒரு பக்கம், சுவாஹிலி ஒரு பக்கம். சுவாஹிலிச் சொல்லைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். கூட்டலுக்குக் குஜும்லிஷா, பெருக்கலுக்குக் குஸிதிஷா. அதில் நான் மாணவி, அவர்கள் ஆசிரியர். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் கடைசியில் விடையை ஆங்கிலத்திலேயே எழுத வைப்பேன். ஆனால் புரிந்துகொள்வது முதலில் தாங்கள் பேசுகிற மொழியில் நடக்கட்டும். பள்ளியில் சுவாஹிலி பேசக் கூடாது என்று சில இடங்களில் விதி வைக்கிறார்கள். பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு மூளை மட்டும் வேலை செய்ய வேண்டும் என்றால் எப்படி?

ஆகவே, சுவாஹிலி தெரிய வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். போவதற்கு முன் மூன்று மாதம் உட்கார்ந்து படியுங்கள். நமக்குக் கஷ்டமான மொழி இல்லை. எழுதியபடியே படிக்கலாம். சாய், சப்பாத்தி, அச்சாரி எல்லாம் அங்கேயும் அதேதான். ஒரு லட்சத்துக்கு லாக்கி என்கிறார்கள். மாமா என்றால் அம்மா, டாடா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அண்ணனைக் காக்கா என்றுதானே கூப்பிடுகிறார்கள்! அது எப்படி அமைந்தது என்று தெரியாவிட்டாலும், கேட்ட அன்று மிகவும் சந்தோஷப்பட்டேன்.

ஆசிரியர்களுக்கு மரியாதை இருக்கிறதா?

நிறைய. நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரே ஆசிரியராக இருந்தவர். இன்றும் அவரை ம்வாலிமு, அதாவது ஆசிரியர் என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் வழியில் பார்த்தால் நின்று "ஷிகமோ" என்பார்கள். உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்களும் உங்களைவிட மூத்தவர்களுக்கு ஷிகமோ சொல்ல மறக்காதீர்கள். சந்தையில் கீரை விற்கும் பாட்டிக்கு நான் சொன்ன அன்று, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

பிரம்படி உண்டா? நீங்கள் என்ன செய்தீர்கள்?

உண்டு. சட்டம் அதை அனுமதிக்கிறது, கட்டுப்பாடுகளோடு. கட்டுப்பாடு எல்லா இடத்திலும் காக்கப்படுவதில்லை. 2018 ஆகஸ்டில் ககேரா பகுதியில் ஆசிரியர் அடித்து ஒரு மாணவன் இறந்துபோனான், நாடு முழுக்கப் பேசினார்கள்.

முதல் நாளே தலைமையாசிரியரிடம், நான் அடிக்க மாட்டேன், என் வகுப்புப் பிள்ளைகளை அடிப்பதற்கு அனுப்பவும் மாட்டேன் என்று தனியாகச் சொல்லிவிட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார். பக்கத்து வகுப்பில் நடந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்தவள் எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அதற்குப் பிறகு ஒருவரும் பேச மாட்டார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். அது சரிதானா என்று இன்னும் எனக்கு உறுத்துகிறது. இரண்டாம் வருடம் இளம் ஆசிரியர்கள் இருவர், அடிக்காமல் 74 பேரை எப்படிச் சமாளிக்கிறாய் என்று தாங்களாகவே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் ஒருவர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

கடற்கரைப் பகுதியில் கவலையே இல்லை. தினச் சாப்பாடு உகாலி, அதாவது மக்காச்சோள மாவுக் களி. நம் கம்பங்களி மாதிரி உருட்டிச் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ள ம்ச்சிச்சா, நம் தண்டுக்கீரைதான். அவரை விதையைத் தேங்காய்ப் பாலில் வேக வைப்பார்கள், திருநெல்வேலிச் சொதி சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? தேங்காய்ப் பால் சோறும் உண்டு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு டகா என்று நெத்திலிக் கருவாடு மாதிரி ஒன்று கிடைக்கும்.

தேங்காய் துருவ ம்புஸி என்று ஒரு கருவி. ம்புஸி என்றால் ஆடு. மடக்குப் பலகையின் முனையில் பல் வைத்த இரும்பு நாக்கு, பலகையின் மேல் உட்கார்ந்து துருவ வேண்டும். எங்கள் ஆச்சி வீட்டில் இருந்ததும் இதே அமைப்புதான். பக்கத்து வீட்டு அம்மாவின் முற்றத்தில் அதில் உட்கார்ந்து நான் துருவியபோது, ஓரத்தில் ஓடு வராமல் மூடியைச் சுற்றிச் சுற்றித் துருவியதைப் பார்த்துவிட்டு, "உனக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். எங்கள் ஆச்சி என்றேன். அதன் பிறகு அவருக்கு நான் விருந்தாளி இல்லை.

காய்ச்சல், மலேரியா பயம் இருக்கிறதே?

பயப்பட வேண்டிய விஷயம்தான். கொசுவலை இல்லாமல் ஒரு இரவும் படுக்காதீர்கள். காய்ச்சல் என்றால் அன்றே ரத்தப் பரிசோதனை, நாளை பார்க்கலாம் என்பது கூடாது. எனக்கு ஒரு முறை வந்தது. உடனே மாத்திரை தொடங்கியதால் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டேன். பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள், மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். தடுப்பு மாத்திரை எது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெண் தனியாக இருக்க முடியுமா?

நான் இருந்தேன். இருட்டிய பிறகு தனியாக நடக்கவில்லை, போடாபோடா என்கிற வாடகை பைக்கில் தெரிந்த ஒருவரைத் தவிர வேறு யாரோடும் ஏறவில்லை. முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதி, தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. சுடிதார் போதும். மேலே ஒரு காங்கா போட்டுக்கொண்டால் ஊர்ப் பெண்ணாகவே பார்ப்பார்கள். காங்கா என்பது பூப்போட்ட பருத்தித் துணி, துணியின் கீழ் ஓரத்தில் ஒரு பழமொழியோ வாழ்த்தோ அச்சடித்திருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள், சில வாசகங்கள் பக்கத்து வீட்டோடு சண்டை போடுவதற்கென்றே எழுதியவை.

இந்தியர் என்றால் எப்படி நடத்துகிறார்கள்?

"ம்ஹிந்தி" என்று சின்னப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். இந்தியர் என்று பொருள், வசை இல்லை. தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் குஜராத்திகள் என்பதால், உங்களையும் கடைக்காரர் வீட்டுப் பெண் என்றே நினைப்பார்கள். இந்தியர்கள் தங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்ற ஒரு வருத்தம் அவர்களிடம் இருக்கிறது. அதை யாரும் என்னிடம் வாதமாகச் சொல்லவில்லை. நான் அவர்கள் தட்டில் கை வைத்த அன்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. தன் கிளையைத் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் திறந்தது. இனி கடைக்காரராக மட்டுமில்லாமல் ஆசிரியராகவும் நம்மவர்களை அந்தக் கரையில் பார்ப்பார்கள் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஊர் விசேஷங்களுக்குப் போக வேண்டுமா?

கட்டாயம். கல்யாணத்துக்கு ம்ச்சாங்கோ என்று முன்கூட்டியே பங்குப் பணம் கேட்டு அட்டை வரும், நம் மொய் மாதிரி. இழவு என்றால் பள்ளியே திரண்டு போகும். வேலை செய்துகொண்டிருக்கிறவரைக் கடந்து போனால்கூட "போலே" என்பார்கள். உன் சிரமம் எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம். தண்ணீர்க் குடத்தோடு வரும்போது, காய்ச்சலில் படுத்திருந்தபோது, எங்கள் ஆச்சி இறந்த செய்தி வந்தபோது, ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்தான். ஆச்சிக்கு என்னால் வர முடியவில்லை. அன்று சாயங்காலம் ஆசிரியைகள் ஆறு பேர் வந்து, என் வீட்டுத் தரையில் பாய் விரித்து, ஒன்றும் பேசாமல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு வாரம் மட்டும் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. பெயர் மனப்பாடம் ஆவதற்கே எனக்கு ஒரு மாதம் ஆனது. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு அழைத்துப்போகும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. வகுப்புக்கு மாற்றி மாற்றிப் புது முகம் வந்தால் பிள்ளைகள் எங்கே விட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. விடுமுறையில் ஊரைப் பார்க்க வேண்டுமானால் பயணியாகப் போங்கள். பாடம் நடத்த என்றால் குறைந்தது ஒரு கல்வியாண்டு, ஜனவரியில் தொடங்கி நவம்பர் தேர்வு முடியும் வரை.

என்ன எடுத்துப்போவது? திரும்பும்போது என்ன செய்வது?

கறிவேப்பிலைப் பொடி, பெருங்காயம், நல்ல டார்ச், இரண்டு மீட்டர் வெள்ளைத் துணி (எண்கோடு, வரைபடம் எழுதித் தொங்கவிட), பிரஷர் குக்கர். பிளாஸ்டிக் பைகளில் சாமானைக் கட்டாதீர்கள், 2019 ஜூன் 1 முதல் அங்கே தடை. புளி, மிளகாய், இஞ்சி எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

திரும்பும்போது வெள்ளைத் துணிகளையும் சொற்பட்டியல் நோட்டையும் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்த அந்த இளம் ஆசிரியர்களில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர்தான் இப்போது முதலாம் படிவத்துக்குக் கணக்கு. குக்கரைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கரி மிச்சம் என்று அவருக்கு அதில் பெரிய திருப்தி. இன்றும் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புவார். என் ஷிகமோவுக்கு மரஹபா சொல்லி முடித்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். போன வாரம் வந்ததில் பின்னணியில் குக்கர் சத்தம். புது அவரை விதை கொஞ்சம் முற்றலாக இருக்கிறதாம், மூன்று விசில் போதுமா, நான்கு வேண்டுமா என்று கேட்டிருந்தார். நான்கு என்று பதில் அனுப்பினேன்.